கொம்பி ஓவன் சூடாகவில்லையா? கிழக்குக் கரைக் குசினிகளுக்கான முழுமையான பழுதறியும் வழிகாட்டி

சூடான காற்றிலும் ஆவியிலும் சமைக்கும் கொம்பி ஓவனில் வெப்பம் என்பது நீண்ட அனுமதி வரிசையின் கடைசியில் நடக்கும் காரியம். கதவு மூடியிருக்கிறதா, விசிறி சுற்றுகிறதா, மூன்று பேஸும் வருகிறதா, பாதுகாப்புத் தேர்மோஸ்டாட் மூடிய நிலையில் இருக்கிறதா, உணரி நம்பத்தக்க வெப்பநிலையைக் காட்டுகிறதா, பொயிலரில் தண்ணீர் இருக்கிறதா என்று எல்லாம் சரிபார்த்த பிறகுதான் போர்ட் (கட்டுப்பாட்டு மின்பலகை) கொன்டாக்டரை (ஹீட்டருக்கான மின்காந்தச் சுவிட்சை) இழுக்கச் சொல்லும். அது இழுத்தால்தான் ஹீட்டருக்குக் கரண்ட். நடுவில் எது மறுத்தாலும் குசினியில் தெரிவது ஒன்றேதான்: திரையில் 180 பாகை என்று நிற்கும், தட்டு வேகாமல் வெளியே வரும். உடனே "ஹீட்டர் போயிற்று" என்று முடிவுகட்டி, கொழும்பிலிருந்து ஹீட்டர் எடுப்பித்து மாற்றினால், பணமும் போய் பழைய பழுதும் அப்படியே இருக்கும். வரிசையை முன்னிருந்து பின்னாகப் பாருங்கள். ஹீட்டரைக் கடைசியில் சந்தேகியுங்கள்.

பாசிக்குடா, கல்குடா, மட்டக்களப்பு நகரம், கல்முனை, அறுகம்பே ஆகிய இடங்களில் ஓடும் ஓவன்களுக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கிறது. மாரி காலத்தில் ஹோட்டல் வெறுமையாகக் கிடக்கும்போது ஓவனும் மாதக்கணக்கில் குளிர்ந்து கிடந்து ஈரம் குடிக்கிறது. லைனின் கடைசியில் இருக்கும் இடங்களில் மாலை வேளையில் வோல்டேஜ் இறங்குகிறது; கரண்ட் போனால் ஜெனரேற்றர் ஓடுகிறது. தண்ணீர் கிணற்றுக்குக் கிணறு மாறுகிறது. கொழும்பு அலுவலகத்தில் எழுதிய கையேடு இவற்றைத் தனியாக எடுத்துச் சொல்லாது. ஆகவே இங்கே இவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

யார் எதைத் தொடலாம்

பனலைத் திறக்காமல் செய்யும் சோதனைகளைக் குசினிப் பொறுப்பாளரே செய்யலாம். பனலைத் திறப்பது தகுதி பெற்ற மின்னியலாளரின் வேலை. உள்ளே 400 வோல்ட் இருக்கிறது. திரையை அணைப்பது மின்சாரத்தை அணைப்பது ஆகாது. சுவரில் உள்ள ஐசலேற்றரை (ஓவனுக்கு வரும் மின்சாரத்தை முற்றாகத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்துப் பூட்டுப் போட்டு, மீற்றரால் மூன்று பேஸிலும் பூச்சியம் என்று பார்த்த பிறகே கையை வையுங்கள். அந்த மீற்றர் வேலை செய்கிறதா என்பதை அதற்குச் சற்று முன் கரண்ட் உள்ள வேறொரு பிளக்கில் சோதித்துக்கொள்ளுங்கள். விசிறி மோட்டரை இன்வேர்ட்டர் ஓட்டும் மாதிரிகளில் கரண்டை நிறுத்திய பிறகும் கெப்பாசிற்றரில் மின்னேற்றம் தங்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று இன்வேர்ட்டரின் லேபலில் எழுதியிருக்கும். எழுத்து அழிந்திருந்தால் 10 நிமிடம் பொறுங்கள்.

தேவையானவை: உண்மை ஆர்.எம்.எஸ். மல்டிமீற்றர், கிளாம்ப் மீற்றர் (வயரைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளப்பது), 500 வோல்ட் மெகர் (மின்கசிவு பார்க்கும் மீற்றர்), தனியான வெப்பமானி, தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கும் பட்டி. இவற்றில் கிளாம்ப் மீற்றர் ஒன்று இருந்தாலே பாதிப் பழுதுகளை வயர் எதையும் கழற்றாமல் கண்டுபிடித்துவிடலாம்.

எது சூடாகவில்லை?

"சூடாகவில்லை" என்ற முறைப்பாட்டை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஓவனை வெறுமையாக்கி, கதவை மூடி, சேமித்து வைத்த நிகழ்ச்சி எதையும் எடுக்காமல், கையால் வெறும் சூடான காற்று முறையைத் தெரிவுசெய்து 180 பாகை வையுங்கள். இறைச்சிக்குள் குத்தும் ஊசி உணரியை அதன் தாங்கியில் வைத்துவிடுங்கள். அந்த ஊசி பழுதாகி நிகழ்ச்சி நின்றுபோவதைக் குசினியில் வெப்பம் வரவில்லை என்றே சொல்வார்கள். மாதிரியைப் பொறுத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் வெறும் ஓவன் 180ஐத் தொட வேண்டும். பிறகு ஆவி முறையில் 100 பாகை வைத்துப் பாருங்கள்.

சூடான காற்று வருகிறது, ஆவி வரவில்லை என்றால், முதலில் உங்கள் ஓவனில் தனிப் பொயிலர் இருக்கிறதா என்று அறிய வேண்டும். ரஷனல் போன்றவற்றில் ஆவிக்கென்று தனிப் பொயிலரும் அதற்கெனத் தனி ஹீட்டரும் உண்டு. யுனொக்ஸ் போன்றவற்றில் பொயிலர் இல்லை. விசிறியைச் சுற்றியுள்ள சூடான பகுதியில் தண்ணீரைத் தெளித்தே ஆவி எடுக்கிறார்கள். தெளிப்பு வகையில் காற்றையும் ஆவியையும் ஒரே ஹீட்டர்தான் பார்க்கிறது. ஆகவே காற்றுச் சூடாகி ஆவி மட்டும் வரவில்லையென்றால் ஹீட்டரைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை, பழுது தண்ணீர்ப் பக்கம். பொயிலர் வகையில் அப்படி உடனே சொல்லிவிட முடியாது.

இரண்டும் வரவில்லை என்றால் இரண்டுக்கும் பொதுவானதைப் பாருங்கள்: மின்வரவு, கதவு, விசிறி, போர்ட்.

சூடாகிறது, ஆனால் மெதுவாக. 200 வைத்தால் 150இல் நின்றுவிடுகிறது என்பது மூன்றாவது வகை. இதற்கு ஒரு பேஸ் இல்லாமல் போவது, ஒரு ஹீட்டர் அறுந்திருப்பது, வோல்டேஜ் இறங்குவது, கதவு ரப்பர் கிழிந்திருப்பது ஆகிய நான்கும் முக்கிய காரணங்கள்.

திரையில் பிழைக்குறி வந்தால் அழிக்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். ஓவனை அணைத்துப் போட்டால் சில மாதிரிகளில் அது மறைந்துவிடும்.

பனலைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கதவு. மூடும்போது கைப்பிடி முழுமையாக விழ வேண்டும். பெரும்பாலான மாதிரிகளில் கதவில் ஒரு காந்தம், உடலில் ஒரு காந்தச் சுவிட்ச். கீல் தொய்ந்து கதவு சில மில்லிமீற்றர் இறங்கினாலே காந்தம் சுவிட்சைத் தவறவிடும். கதவை மூடியபின் கையால் சற்று மேலே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். விசிறி ஓடத் தொடங்கினால் கீலைச் சரிசெய்வதே மருந்து. தனியாக ஒரு காந்தத்தைச் சுவிட்சில் ஒட்டிவைத்து ஓவனை ஓட்டுவது எக்காரணம் கொண்டும் கூடாது. கதவைத் திறந்தவரின் முகத்தில் ஆவி அடிக்கும்.

விசிறி. காதை வைத்துக் கேளுங்கள். விசிறி சுற்றாவிட்டால் போர்ட் ஹீட்டரை ஏற்றாது; ஏற்றக் கூடாது. "உம்" என்ற இரைச்சல் மட்டும் வந்து சுற்றவில்லையென்றால் பெயரிங் இறுகியிருக்கலாம், கெப்பாசிற்றர் உள்ள மோட்டரானால் அது பலவீனப்பட்டிருக்கலாம், மூன்று பேஸ் மோட்டரானால் ஒரு பேஸ் இல்லாதிருக்கலாம். கடற்கரையில் நீண்ட நாள் ஓடாமல் கிடந்த மோட்டரில் பெயரிங் துருவேறி இறுகுவது வழமை. கரண்டை நிறுத்தி, ஓவன் ஆறிய பின் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

டெமோ முறை. கண்காட்சிக்காகப் பல தயாரிப்பாளர்கள் இப்படி ஒரு முறையை வைத்திருக்கிறார்கள்: திரை வழமைபோல ஓடும், வெப்பம் மட்டும் வராது. புதிதாகப் பொருத்திய ஓவனிலும், யாராவது செட்டிங்கைத் துழாவிய ஓவனிலும் இதை முதலில் பாருங்கள். இதற்கு ஒரு ஸ்க்ரூகூடக் கழற்ற வேண்டியதில்லை.

மின்பகுதியைக் குளிரவைக்கும் சிறு விசிறியும் அதன் காற்று வடிகட்டியும். வடிகட்டியில் எண்ணெய்ப் புகையும் மாவும் அடைத்தால் உள்ளே வெப்பம் ஏறி, போர்ட் தன்னைக் காத்துக்கொள்ள ஹீட்டரை நிறுத்தும். காலையில் நன்றாக ஓடி மதியம் நின்றுபோகும் ஓவனில் இதுவே முதல் சந்தேகம். கச்சான் வீசும் மாதங்களில் இது கூடும். டீப் பிரையரை ஓவனின் காற்று வாங்கும் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தால் அதை நகர்த்துங்கள்.

மின்வரவு: மூன்று எண்களைப் படியுங்கள்

நமது விநியோகம் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், பேஸுக்குப் பேஸ் 400 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஆறு தட்டு ஓவன் ஏறக்குறைய 10 கிலோவாட், பத்துத் தட்டு ஏறக்குறைய 18 கிலோவாட் எடுக்கும். சரியான அளவு உடலில் ஒட்டிய தகட்டில் இருக்கும்.

முதலில் ஓவனின் இணைப்பு முனையில், சுமை இல்லாமலும் ஹீட்டர் ஏறியபின்னும் வோல்டேஜை எடுங்கள். பியூஸ் ஒன்று கருகி ஒரு நூலளவு தொடர்பு மிச்சமிருந்தால் சுமையில்லாமல் 400 காட்டும். சுமை ஏறியதும் விழும். ஆகவே சுமை இல்லாமல் எடுத்த அளவை வைத்து மின்வரவு சரி என்று சொல்லிவிட வேண்டாம்.

அடுத்து கிளாம்ப் மீற்றரை மூன்று பேஸ் வயர்களிலும் தனித்தனியே மாட்டுங்கள். 18 கிலோவாட் ஓவனில் எல்லாம் சரியென்றால் மூன்றிலும் ஏறக்குறைய 26 அம்பியர் வரும். மாறி வந்தால், அந்த மாற்றத்திலேயே பழுது இருக்கிறது.

மூன்றும் பூச்சியம்: கொன்டாக்டர் இழுக்கவில்லை. ஹீட்டர் குற்றவாளி அல்ல. அனுமதி வரிசையைப் பாருங்கள்.

ஒன்று 26, மற்ற இரண்டும் 15: ஹீட்டர்கள் டெல்டாவாக (ஒவ்வொன்றும் இரு பேஸுக்கு இடையே) இணைந்தவை, அவற்றில் ஒன்று அறுந்திருக்கிறது. வெப்பம் மூன்றில் இரண்டாகக் குறைந்திருக்கும்.

ஒன்று பூச்சியம், மற்ற இரண்டும் 22 அளவில்: ஒரு பேஸ் வரவில்லை, அல்லது கொன்டாக்டரின் ஒரு முனை தொடவில்லை, அல்லது நியூட்ரல் இல்லாத ஸ்டாரில் (மூன்று ஹீட்டரும் ஒரு புள்ளியில் சேரும் இணைப்பில்) ஒரு ஹீட்டர் அறுந்திருக்கிறது. மூன்றிலும் வெப்பம் பாதி. பிரித்தறிய வோல்ட் மீற்றரைக் கையிலெடுங்கள். கொன்டாக்டருக்கு மேலேயே வோல்டேஜ் இல்லையென்றால் வெளிப்பழுது. மேலே இருந்து கீழே இல்லையென்றால் கொன்டாக்டர். கீழேயும் இருந்தால் ஹீட்டர் அல்லது அதன் வயர்.

மூன்றும் சமமாக, ஆனால் குறைவாக: வோல்டேஜ் இறங்கியிருக்கிறது. ஹீட்டரின் வலு வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 400 வர வேண்டிய இடத்தில் 360 வந்தால் 10% தான் குறைந்தது என்று தோன்றும்; வெப்பமோ 81% ஆகிவிடும். 340க்கு விழுந்தால் 72%. மாலை ஏழு மணிக்கு, ஏசிகள் எல்லாம் ஓடும்போது அளந்து பாருங்கள். இப்படியென்றால் ஓவனில் திருத்த ஒன்றுமில்லை. கட்டடத்தின் கேபிள் மெல்லியதா என்று பார்த்து, இல்லையென்றால் அளவுகளை எழுதிக்கொண்டு மின்சாரம் வழங்கும் நிறுவனத்தில் முறையிட வேண்டும்.

ஜெனரேற்றரில் மட்டும் பழுது தோன்றினால் மூன்றைச் சோதியுங்கள்: மூன்று பேஸ் வோல்டேஜும் சமமா, அதிர்வெண் 50இல் நிற்கிறதா, ஜெனரேற்றரின் நியூட்ரல் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதா. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஓவனை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். நியூட்ரல் விட்டுப்போனால் போர்ட்டுக்கு 230க்குப் பதில் 400 வரை போகலாம். போர்ட் எரிந்தால் அதன் விலை மற்ற எல்லாப் பாகங்களையும் விஞ்சும்.

பாதுகாப்புத் தேர்மோஸ்டாட்: அழுத்தும் முன் கேளுங்கள்

சமையல் அறைக்கு ஒன்று, பொயிலர் இருந்தால் அதற்கு ஒன்று என்று கையால் ரீசெட் செய்யும் பாதுகாப்புத் தேர்மோஸ்டாட்டுகள் உண்டு. பக்கப் பனலுக்கு உள்ளே, கறுப்பு மூடி போட்ட சிறு பொத்தானாக இருக்கும். சமையல் அறைக்குரியது ஓவனின் உச்ச வெப்பநிலைக்கு மேலே வைக்கப்பட்டிருக்கும், பல மாதிரிகளில் 320 முதல் 360 பாகை வரை. ஓவன் ஆறிய பின் மூடியைத் திருகிக் கழற்றி அழுத்துங்கள். "டிக்" என்று சத்தம் கேட்டால் அது விழுந்திருந்தது என்று பொருள்.

பலர் அத்தோடு பனலை மூடிவிடுகிறார்கள். அது போதாது. தேர்மோஸ்டாட் விழுந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது நாளையும் விழும். காரணங்கள் இவை: ஹீட்டர் ஏறியிருக்கும்போது விசிறி நின்றது; கொன்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டு, அணைத்த பின்னும் ஹீட்டர் ஓடியது; சமையல் அறை உணரி அதன் பிடியிலிருந்து விலகி, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டியது; பொயிலர் தண்ணீரில்லாமல் காய்ந்தது. ஒட்டிய கொன்டாக்டரைக் கண்டுபிடிப்பது எளிது. ஓவனைத் திரையில் அணைத்து, ஐசலேற்றரை மட்டும் போட்டு வைத்து, கிளாம்ப் மீற்றரில் பாருங்கள். ஹீட்டர் வயரில் கரண்ட் ஓடினால் உடனே ஐசலேற்றரை அணைத்து, கொன்டாக்டரை மாற்றுங்கள்.

அழுத்தியும் நிற்காமல் திறந்தே இருந்தால், உள்ளே எண்ணெய் நிறைந்த மெல்லிய குழாய் கசிந்திருக்கும். கசிந்தால் திறந்தே கிடக்கும்படிதான் பெரும்பாலானவை செய்யப்படுகின்றன. அதே வெப்பநிலை உள்ள புதியதைப் போடுங்கள். ஒரு துண்டு வயரால் தேர்மோஸ்டாட்டைக் குறுக்கே இணைத்து "இன்றைய கலியாணச் சாப்பாட்டை மட்டும் முடித்துவிடுவோம்" என்று ஓட்டுவது குசினியையே எரிக்கக்கூடிய வேலை. வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் செய்ய வேண்டாம். இருக்கும் வேறு அடுப்புகளில் சமையலைப் பிரித்துக் கொடுக்க உதவுங்கள்.

கொன்டாக்டரும் எஸ்.எஸ்.ஆரும்

வெப்பம் கேட்கும் நேரத்தில் கொன்டாக்டரின் ஏ1, ஏ2 என்ற கொயில் முனைகளுக்கு இடையே வோல்டேஜ் எடுங்கள். கொயிலின் மேல் 24 என்றோ 230 என்றோ எழுதியிருக்கும். எழுதியது வந்தும் இழுக்கவில்லையென்றால் கொயில் அறுந்தது அல்லது உள்ளே ஏதோ தடுக்கிறது. நமது பக்கத்தில் அந்த "ஏதோ" பெரும்பாலும் எறும்பு, சில வேளை பல்லி. முனைகளுக்கு நடுவே நசுங்கிய எறும்புகள் தொடர்பை மறித்துவிடும். ஊதித் துடைத்து ஓட வைக்கலாம், ஆனால் முனை கருகியிருந்தால் மாற்றுவதே நல்லது. கேபிள் உள்ளே வரும் துளைகளை அதற்குரிய கிளாண்ட் போட்டு அடையுங்கள். மருந்து அடிப்பதைவிட அதுதான் நிலைக்கும்.

வோல்டேஜ் வரவேயில்லையென்றால் போர்ட் அனுமதி கொடுக்கவில்லை. வரிசையில் பின்னோக்கிப் போய்க் கதவு, விசிறி, தேர்மோஸ்டாட், உணரி என்று எது மறுக்கிறது என்று தேடுங்கள். சில ஹோட்டல்களில் மின்சுமையைக் கட்டுப்படுத்தும் கருவி ஓவனின் தனி முனையோடு இணைக்கப்பட்டிருக்கும். அது சுமை கூடும்போது ஹீட்டரை நிறுத்தி வைக்கும். அதன் வயர் விட்டுப்போனால் நிரந்தரமாகவே நிறுத்திவிடும்.

இழுத்தும் வெப்பம் குறைவென்றால், சுமை ஓடும்போது ஒவ்வொரு முனையின் மேலுக்கும் கீழுக்கும் இடையே அளவுங்கள். நல்ல முனையில் சில நூறு மில்லிவோல்ட்டுக்கு மேல் வராது. ஒன்றில் பல வோல்ட் வந்தால் அது தேய்ந்துவிட்டது. வயர் முனைகளில் பச்சை படிந்திருந்தால், இன்சுலேசன் பழுப்பாகியிருந்தால், வெட்டி எறிந்து புதிய லக் போட்டு இறுக்குங்கள். உப்பு ஏறிய செம்பைச் சுரண்டி மீண்டும் போட்டால் சில மாதங்களில் அதே இடம் மறுபடி கருகும்.

எஸ்.எஸ்.ஆர். (அசையும் முனையில்லாத மின்னணுச் சுவிட்ச்) போட்ட மாதிரிகளில் நினைவில் வைக்க ஒன்றே உண்டு: அவை பழுதானால் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே நிற்கும். வெப்பம் வராமைக்குக் காரணமாவது அரிது. வெப்பம் நிற்காமைக்குத்தான் அடிக்கடி காரணம்.

இனி ஹீட்டர்

வயர்களைக் கழற்றிவிட்டு அளவுங்கள். இணைத்தபடி அளந்தால் மற்ற ஹீட்டர்களின் வழியும் சேர்ந்து பொய் எண் வரும். வர வேண்டிய ஓம் அளவு: ஹீட்டருக்கு வரும் வோல்டேஜின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தது. 230 வோல்ட்டில் 3,000 வாட் என்றால் 17.6 ஓம். 400 வோல்ட்டில் 6,000 வாட் என்றால் 26.7 ஓம். குளிர்ந்த நிலையில் சிறிது குறைவாக வரலாம். முடிவில்லாமல் காட்டினால் அறுந்தது. மூன்றில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால் அது விரைவில் அறுந்துபோகும்.

அடுத்தது மெகர். இதைத்தான் கரையோர ஹோட்டல்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஹீட்டர் குழாய்க்குள் வெப்பக்கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஒக்சைட்டுத் தூள் அடைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சும். மாரி முழுவதும் ஓடாமல் கிடந்த ஓவனைச் சித்திரையில் சீசனுக்கு முன் போட்டதும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுவதற்கு முதல் காரணம் இதுதான். ஹீட்டர் நன்றாக இருக்கும், ஓம் சரியாக வரும், ஆனால் உடலுக்குக் கரண்ட் கசியும்.

போர்ட்டிலிருந்து வயர்களை முற்றாகப் பிரித்துவிட்டு, ஹீட்டரின் முனைக்கும் உடலுக்கும் இடையே 500 வோல்ட்டில் அளவுங்கள். நல்ல ஹீட்டர் பத்துக்கணக்கான மெகா ஓம் காட்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே போனால் இணைக்க வேண்டாம். ஆனால் குப்பையில் எறியவும் வேண்டாம். ஹீட்டரைக் கழற்றி, இன்னொரு ஓவனில் ஏறக்குறைய 120 பாகையில் சில மணி நேரம் காயவைத்து, ஆறியபின் மீண்டும் மெகர் போடுங்கள். ஏறிவிட்டால் அது ஈரம்தான், முனை ரப்பர்களைப் பார்த்துப் பொருத்தலாம். ஏறாவிட்டால் குழாயில் வெடிப்பு, மாற்ற வேண்டியதுதான். ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடியாகக் கரண்ட் கொடுத்து "சூட்டில் காய்ந்துவிடும்" என்று ஓட்டும் பழக்கம் உண்டு. ஸ்டீல் உடலைத் தொட்டபடி, ஈரத் தரையில் நின்று வேலை செய்பவரின் உயிர் அதில் பணயம் வைக்கப்படுகிறது. அந்த வழியை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

ஹோட்டல் மூடியிருக்கும் காலத்திலும் கிழமைக்கு ஒரு தடவை அரை மணி நேரம், சூடான காற்றில் 160 பாகை ஓட்டினால் இந்தச் சிக்கலைப் பெருமளவு தவிர்க்கலாம். ஹீட்டர் செலவோடு ஒப்பிட்டால் அந்த மின்கட்டணம் சிறிது.

உணரி பொய் சொன்னால்

பெரும்பாலும் பி.டி.100, பி.டி.1000, அல்லது கே வகைத் தேர்மோகப்பிள். பி.டி.100 பூச்சியம் பாகையில் 100 ஓம், ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.385 ஓம் கூடும். நமது குசினியின் 30 பாகையில் 111.7 ஓம், கொதிநீரில் 138.5 ஓம், 200 பாகையில் 175.9 ஓம். பி.டி.1000 என்றால் அதைப் பத்தால் பெருக்குங்கள். கே வகை ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.041 மில்லிவோல்ட் கொடுக்கும். ஒரு முனை 30 பாகைக் குசினியிலும் மறுமுனை கொதிநீரிலும் இருந்தால் ஏறக்குறைய 2.9 மில்லிவோல்ட்.

அறுந்த பி.டி. முடிவில்லாத ஓம் காட்டும். போர்ட் அதை அளவுகடந்த வெப்பமாக எடுத்து ஹீட்டரை நிறுத்தும். பிளக்கில் உப்புப் பச்சை பிடித்து ஓரிரண்டு ஓம் கூடினாலே அது ஐந்து பாகை வரை பிழை. பிளக்கைச் சுத்தம் செய்து மீண்டும் அளந்த பிறகே உணரியைக் குறைசொல்லுங்கள். தேர்மோகப்பிளைப் புதிதாகப் போட்டபின் ஓவன் சூடாகச் சூடாகத் திரை குறைவாகக் காட்டினால் இரு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன.

ஆவி மட்டும் வராவிட்டால்

தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பல மாதிரிகள் 1.5 முதல் 6 பார் வரை அழுத்தம் கேட்கும். மேல் தாங்கியிலிருந்து இறங்கும் தண்ணீர் 10 மீற்றர் உயரத்துக்கு 1 பார் தான் தரும். ஒரு மாடிக் கட்டடத்தின் தாங்கி போதாது, பம்ப் வேண்டும். வோல்வின் வாயில் உள்ள சிறு வலையில் மணலும் துருவும் அடைத்திருக்கும். கழற்றிக் கழுவுங்கள். 230 வோல்ட் வோல்வ் கொயில் பெரும்பாலும் சில கிலோ ஓம் காட்டும். முடிவில்லாமல் காட்டினால் மாற்றுங்கள்.

பொயிலருக்குள் தண்ணீர் மட்டத்தைக் கம்பி உணரி தண்ணீரின் வழியே ஓடும் மெல்லிய கரண்டை வைத்துத்தான் அறிகிறது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வரும் மட்டக்களப்புப் பகுதிகளும் உண்டு, கடற்கரை மணலில் தோண்டிய கிணற்றையும் சொந்த ஆர்.ஓ. பிளாண்டையும் (தண்ணீரிலிருந்து உப்பை நீக்கும் கருவியையும்) நம்பும் ஹோட்டல்களும் உண்டு. மூன்றிலும் பழுது மூன்று விதம். சுண்ணம் நிறைந்த தண்ணீரில் கம்பியின் மேல் கல் படிந்து, தண்ணீர் நிறைந்திருந்தும் "இல்லை" என்று சொல்லும். ஹீட்டர் ஏறாது, சில வேளை வோல்வ் மூடாமல் தண்ணீர் வழியும். ஆர்.ஓ. தண்ணீர் மிகச் சுத்தமாக இருந்தால் கரண்ட் கடத்தாது, அப்போதும் "இல்லை". பிளாண்டின் கலப்பு வோல்வைச் சற்றுத் திறந்து, தயாரிப்பாளர் சொல்லும் கடத்துதிறனுக்குக் கொண்டுவர வேண்டும். உவர்த் தண்ணீரில் பொயிலர் நுரைக்கும், மட்டம் பொய்யாகும். குளோரைட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசித்துளை போடும். உப்புப் போட்டு ஓட்டும் சொவ்ற்னர் சுண்ணத்தை நீக்குமே தவிர குளோரைட்டை நீக்காது. கடலுக்குப் பக்கத்துக் கிணறு என்றால் ஆர்.ஓ. தான் வழி.

கல்லை நீக்கத் தயாரிப்பாளர் சொன்ன டீஸ்கேலரை மட்டும் பாவியுங்கள். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் கல்லோடு ஸ்டீலும் போகும். முடிந்ததும் தாராளமாகக் கழுவி வெளியேற்றுங்கள்.

காஸ் ஓவன்

காஸ் பக்கத்தைத் திறப்பது அதற்குப் பயிற்சி பெற்றவரின் வேலை. குசினியில் பார்க்கக்கூடியவை: சிலிண்டர் முடிந்ததா, ரெகுலேற்றர் ஓவனின் தகட்டில் உள்ள அழுத்தத்துக்குப் பொருந்துகிறதா, சவர்க்கார நீரில் குமிழி வருகிறதா. பெரிய ஓவனை ஒரே சிலிண்டரில் ஓட்டினால் காஸ் ஆவியாகும் வேகம் போதாமல் சிலிண்டர் வியர்த்துக் குளிர்ந்து அழுத்தம் விழும். சிலிண்டர்களை இணைத்து ஓட்டுங்கள். தீப்பொறி வந்து, சுவாலை பிடித்து, சில விநாடியில் அணைந்தால், சுவாலையை உணரும் கம்பியின் அழுக்கையும் லைவ், நியூட்ரல் இணைப்பையும் பாருங்கள். அந்த உணர்தல் சுவாலை வழியே எர்த்துக்கு ஓடும் மைக்ரோ அம்பியர் கரண்டை நம்புகிறது. லைவ், நியூட்ரல் மாறியிருந்தாலும், ஜெனரேற்றரின் நியூட்ரல் எர்த்தோடு இணையாதிருந்தாலும் பல மாதிரிகளில் சுவாலை நிற்காது. மெயின் கரண்டில் நன்றாக எரிந்து, ஜெனரேற்றரில் மட்டும் அணையும் ஓவனில் பேர்னரைக் கழற்ற முன் இதைப் பாருங்கள்.

திருத்திய பின்

பனலை மூட முன் 200 பாகையில் 20 நிமிடம் ஓட்டி, மூன்று பேஸ் அம்பியரையும் எடுங்கள். தனி வெப்பமானியை நடுத்தட்டில் வைத்துத் திரையோடு ஒப்பிடுங்கள். கதவைத் திறந்ததும் ஹீட்டர் கரண்ட் பூச்சியமாகிறதா, ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தான் விழுத்துகிறதா என்றும் பாருங்கள். நல்ல நிலையில் வந்த அம்பியர், ஓம், மெகர் எண்களைத் திகதியோடு எழுதி பனலின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை பழுது வரும்போது அந்த ஒரு தாள் கையேட்டைவிட உதவும்.

கொழும்பிலிருந்து நாம் 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதால் சில பாகங்களைக் கையில் வைத்திருப்பது அவசியம்: கதவுச் சுவிட்ச், கொன்டாக்டர் ஒன்று, சமையல் அறை உணரி, தண்ணீர் வோல்வ், மட்டக் கம்பி, கதவு ரப்பர், பியூஸ். ஹீட்டரை வாங்கி அடுக்கி வைக்கச் சொல்லமாட்டோம். அது விலை கூடியது, ஈரக் களஞ்சியத்தில் கிடந்தே கெடும்.

சேர்விஸ் நிலையத்தை அழைக்கும்போது மாதிரி இலக்கம், தொடர் இலக்கம், பிழைக்குறியின் போட்டோ, சுமையில் எடுத்த மூன்று வோல்டேஜ், மூன்று அம்பியர், ஹீட்டர்களின் ஓம், மெகர் அளவு, தண்ணீரின் கடினத்தன்மை ஆகியவற்றை முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள். வருபவர் சரியான பாகத்தோடு ஒரே பயணத்தில் வந்து முடிக்க இவ்வளவும் தேவை.